நடுவில் வைத்த மலை

மீன்தொட்டிக்குள் செடி வைத்துக் கொடுக்கிற தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. எந்த மண், எந்த விளக்கு, எத்தனை மணி நேரம். அதையெல்லாம் உங்கள் கைப்பேசியே என்னைவிட நன்றாகச் சொல்லும். அதற்கு முழங்கால் வலியும் கிடையாது. எனக்கு இரண்டு முழங்காலும் போய், குனிந்து நிமிர்கிற வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது. ஐம்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொள்கிறேன். முழங்கால்கள் முதலில் ஓய்வு பெற்றன, நான் பின்னால் போனேன் என்பதுதான் சரி. ஆகவே, யாரும் என்னிடம் கேட்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன். ஒரே தொட்டியை இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் பார்த்தால் என்ன ஆகும் என்பதை.

ஒரு பக்கத் தொட்டி சுவரோரம் வைக்கிற பீரோ மாதிரி. முன்னால் மெருகு, பின்னால் ஆணி. குழாய், ஒயர், கட்டையின் அசிங்கமான முனை, ஆசைப்பட்டு வாங்கி வீட்டுக்கு வந்ததும் பிடிக்காமல் போன கல், எல்லாம் பின்பக்கம் போய்விடும். இரண்டு பக்கமும் ஆள் நிற்கிற தொட்டியில் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. ஒளிய இடமில்லாத நிலையில் மனிதன் ஒன்று யோக்கியனாகிறான், அல்லது இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒளிக்கக் கற்றுக்கொள்கிறான். நான் இரண்டாவது ரகம்.

அப்படி நான் வைத்த முதல் தொட்டி அம்பத்தூரில், ஒரு பல் டாக்டர் வீட்டுக் கீழ்த்தளத்தில், நோயாளிகள் காத்திருக்கிற அறைக்கு நட்ட நடுவே. சுற்றிலும் நாற்காலிகள். நான் அப்போது நிறையப் படித்துக்கொண்டிருந்தேன். வெறுமைதான் அழகு என்று எங்கோ படித்த ஞாபகத்தில், செடிகளைத் தரையோடு தாழ்வாக வைத்து, மேலே தண்ணீரைத் தண்ணீராகவே விட்டேன். பார்த்தால் காற்றில் மீன் பறப்பது போல இருந்தது. நான் யோசிக்காதது ஒன்றுதான். தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருப்பதைத் தண்ணீர் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும். வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள், எதிரே வீங்கிய இன்னொரு கன்னத்தை, அசலைவிடச் சற்றுப் பெரிய அளவில், குறுக்கே சின்ன மீன்கள் நீந்திப் போகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் எழுந்து, தனக்கு இப்போது வலி இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டாக்டர் ரொம்ப மரியாதைக்காரர். தொட்டி வந்ததிலிருந்து நிறையப் பேருக்குத் தானாகவே குணமாகிவிடுகிறது, இப்படியே போனால் நானும் மீன் வளர்க்கத்தான் போக வேண்டும் என்றார்.

நான் வேலை பழகிய கடை பாடியில், மேம்பாலத்துக்குக் கீழே இருந்தது. அதன் முதலாளியிடம் போய்ப் புலம்பினேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்:

“நடுவுல மலையப் போடுப்பா. இந்தாண்ட பாக்கறவன் மூஞ்சி அந்தாண்ட பாக்கறவனுக்குத் தெரியக் கூடாது. அவ்ளோதான் மேட்டரு.”

போட்டேன். நடுவில் கற்களை அடுக்கி ஒரு முதுகுத்தண்டு மாதிரி மலை. மலைக்கு மேலே தண்ணீர் மட்டம் வரைக்கும் அடர்ந்த செடி. இந்தப் பக்கம் ஒரு காட்சி, அந்தப் பக்கம் வேறொரு காட்சி. குழாய், ஒயர் எல்லாம் மலைக்குள்ளே. பல் வலிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் பிழைத்தேன். உணவகம், அலுவலக வரவேற்பறை, அடுக்குமாடி வீடுகளில் ஹாலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே. எங்கே போனாலும் மலை. என் மனைவி என்னை மலைக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

காட்டுப்பாக்கத்தில், பூந்தமல்லி சாலையிலிருந்து உள்ளே போகிற பழைய தெரு ஒன்றில் ஏகாம்பரம் என்பவரின் வீடு. ஒரு காலத்தில் சுற்றி வயல் வைத்திருந்த குடும்பம். வயல்கள் மனையாகி, மனைகள் அடுக்குமாடியாகி, கடைசியில் அந்த நீளமான பழைய வீடு மட்டும் மிஞ்சியது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஏகாம்பரம் முன்பாதியில். அவர் செங்கல், மணல், ஜல்லி வியாபாரம். குழந்தை இல்லை, மனைவி தவறிவிட்டார். பின்பாதியில் அவர் தம்பி தயாளன், மனைவி மஞ்சுளாவோடும் கல்லூரியில் படிக்கிற மகளோடும். தயாளனுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை.

அண்ணன் தம்பிக்குள் சண்டை எதற்கு என்று மூன்று பேர் என்னிடம் மூன்று காரணம் சொன்னார்கள். மூன்றுமே நம்பும்படியாக இருந்தன. நாலு வருஷமாகப் பேச்சு இல்லை என்பதில் மட்டும் மூன்று பேரும் ஒத்துப்போனார்கள். உறவுக்காரர்கள் உட்கார்ந்து பேசி வீட்டைப் பிரித்துக் கொடுத்தபோது, இரண்டு ஹாலையும் சேர்க்கிற நடுவாசலை அண்ணன் தன் செலவில் அடைத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

ஒரு செங்கல் வியாபாரி, வாசலை அடைக்க, மீன்தொட்டிக்காரனைக் கூப்பிடுகிறார். வாசலில் ஆளுயரத்துக்குச் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறது. அதைத் தாண்டித்தான் நான் உள்ளே போனேன். எனக்கு மண்டையில் ஏதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் நடுவாசலின் அகலத்தை அளந்துகொண்டிருந்தேன்.

“ரெண்டு பக்கமும் தெரியணும் சார்” என்றார் ஏகாம்பரம்.

நன்றாகத் தெரியும் அண்ணா, இரண்டு பக்கமும் முகம்தான் என்றேன்.

“செடி ரொம்ப வேணாம். தண்ணி கீதுன்னா போதும். மீனும் சின்னதா போட்டுடுங்க. பெருசு மறைக்கும்.”

எதை மறைக்கும் என்று நான் கேட்கவில்லை. ரசனை கொஞ்சம் கம்மி, போகப்போகச் சரிப்படுத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தையும் அளக்க வேண்டுமே. தெருவைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்வாசல் வழியாக நுழைந்தேன். மஞ்சுளா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் டேப்பைப் பிரிப்பதற்குள்ளாகவே சொல்லிவிட்டார்:

“அவங்களுக்கு மொகம், எங்களுக்கு முதுவா? எங்க பக்கம் பைப்பு ஒயருன்னு ஏதாச்சும் தெரிஞ்சுதுன்னு வைங்க, நாங்களே செங்கல் வெச்சி அடச்சிடுவோம். அத்த அவராண்டயும் சொல்லிடுங்க.”

தயாளன் அங்கேதான் இருந்தார். பச்சை ஒயர் பின்னிய பழைய இரும்புச் சேரில் உட்கார்ந்து, வேலைக்குப் போக ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். மனைவி பேசி முடித்ததும், ஷூக் கயிற்றை முடிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

“அந்தாண்ட ஊடு தெரியுமா?”

“துளிகூடத் தெரியாது. கவலையே படாதீங்க” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு இன்னொரு ஷூவை எடுத்தார். மனிதருக்கு நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படியாக எனக்கு மூன்று விஷயம் சொல்லப்பட்டது. ஒன்று சத்தமாக, இரண்டு மெதுவாக. சத்தமாகச் சொன்னதற்கு வேலை செய்தேன். மெதுவாகச் சொன்ன இரண்டுக்கும் விளக்கம் கொடுத்தேன். உங்களில் பாதிப் பேர் இந்த வாரமே இதைச் செய்திருப்பீர்கள். மஞ்சுளா கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை, அவருக்கு முகம் கொடுக்க வேறு பத்து வழி இருந்தது. எனக்கு ஒரு வழிதான் தெரியும்.

இடுப்பளவுக்குச் செங்கல் மேடை, அதற்கு மேல் தொட்டி, அதற்கும் மேல் மரப்பலகை அடைப்பு. தீனி போட இரண்டு பக்கமும் மேலே ஒரு சின்னக் கதவு. தொட்டிக்குள் நடுவில் மலை. அதைப் போல ஒரு மலையை நான் அதற்கு முன்னும் வைத்ததில்லை, பின்னும் வைத்ததில்லை. அண்ணன் பக்கம் சரிவு, தம்பி பக்கம் பள்ளத்தாக்கு. மலைக்கு மேலே தண்டுச்செடிகள் நெருக்கமாக எழுந்து தண்ணீர் மட்டத்தைத் தொட்டன. ஒரு குண்டூசி முனை அளவுகூட வெளிச்சம் குறுக்கே போகாது. முடித்த அன்று கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோது என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். எட்டிப் பார்த்தார். இடது மூலையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

“அந்தாண்ட ஒண்ணியும் தெரிலயே சார்.”

“அதாண்ணா இதுல விசேஷமே.”

தப்பான காலுக்குக் கட்டுப்போட்ட டாக்டரைப் பார்ப்பது போல என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் குளிர்பானம் எடுத்துவந்து கொடுத்தார். நான் அதைக் குடித்துக்கொண்டே தொட்டியைப் பல கோணங்களில் படம் எடுத்தேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டி, அதைக் காட்டியே எட்டு வேலை பிடித்தேன்.

இரண்டாவது வாரமே தண்ணீர் கலங்கியது. பார்த்தால், இரண்டு வீட்டிலும் மீனுக்குத் தீனி போடுகிறார்கள், காலையிலும் மாலையிலும். ஒருவர் போடுவது மற்றவருக்குத் தெரியாது, ஏனென்றால் நான் தெரியாதபடிதான் வைத்திருந்தேன். பேச்சு இல்லாத இரண்டு வீட்டுக்கும் நான் தூதரானேன். முன்வாசலில் ஏறி, தெருவைச் சுற்றி, பின்வாசலில் ஏறி, மறுபடி சுற்றி வந்து, கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. காலைத் தீனி அண்ணன். மாலைத் தீனி தம்பி, வேலையிலிருந்து வந்து ஷூ கழற்றியதும். அவரவர் பக்கக் கண்ணாடியை அவரவர் துடைத்துக்கொள்வது. அதற்காக இரண்டு பக்கமும் ஒவ்வொரு மேக்னட் கிளீனர். உள்ளே ஒரு துண்டு, வெளியே ஒரு துண்டு. வெளியே தேய்த்தால் உள்ளே பாசி போகும்.

அதன் பிறகு தண்ணீர் கலங்கவே இல்லை. பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை போவேன். ஒவ்வொரு தடவையும் ஏகாம்பரம் ஒரே கேள்வி கேட்பார்.

“மீனுங்களுக்கு வயிறு ரொம்பிகீதா சார்?”

“ரொம்பியிருக்குண்ணா.”

“சாயங்காலம் போட்றான்ல?”

“தெனம் போடறாரு. கண்ணாடியும் தொடைக்கிறாரு.”

“அப்ப சரி.”

இந்த மனிதருக்கு மீன்மேல் என்ன பிரியம் என்று நான் வியந்திருக்கிறேன். வீட்டில் வந்து சொல்லியும் இருக்கிறேன்.

ஏழெட்டு மாதம் போனபின் ஒருநாள், மலைக்கு மேலே செடி வேலியில் ஒரு ஓட்டை. இரண்டு உள்ளங்கை அளவு. நான் செடி தின்னும் மீன்களைச் சந்தேகப்பட்டேன். அந்தத் தொட்டியில் நாலு பார்ப் மீன்கள் இருந்தன, கொஞ்சம் அடாவடிப் பேர்வழிகள். விசாரணை ஏதுமில்லாமல் நாலையும் பிடித்துப் பையில் போட்டு நாடு கடத்தினேன். அடுத்த தடவை அதே இடத்தில் அதே ஓட்டை, இன்னும் கொஞ்சம் பெரிதாக. நன்றாகக் கவனித்தால், சதுரமாக. மீன் சதுரமாகக் கடிக்காது. ஜன்னல் திட்டில், துணி வெட்டுகிற கத்தரிக்கோல் ஒன்று ஈரமாக இருந்தது.

ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்தேன். அறுபதைத் தாண்டிய மனிதர். லாரிக்காரர்களை ஒரு அதட்டலில் நிறுத்துகிறவர். பார்வையைத் தரைக்குக் கொண்டுபோய்விட்டார்.

“தெரியாம கை பட்ச்சி சார்.”

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். அவருக்குப் பாடம் நடத்தினேன். இது எவ்வளவு நுணுக்கமான வேலை, ஒரு செடியை எடுத்தால் மொத்த அமைப்பும் எப்படிக் கெடும், வெளியூரிலிருந்தெல்லாம் வந்து இதைப் படமெடுத்துப் போகிறார்கள், இதெல்லாம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்று கேட்டுக்கொண்டார். அப்புறம் அந்த ஓட்டையில் முன்பைவிடச் சீக்கிரம் வளர்கிற, முன்பைவிடப் புதராக அடைகிற செடியாகத் தேடி நட்டுவிட்டு வந்தேன். அவர் மறுபடி கத்தரிக்கோலைத் தொடவில்லை.

நான் புத்தகம் படிக்கிறவன். மீன்தொட்டி வைக்கிறவன் வீட்டில் மூன்று அலமாரிப் புத்தகம் எதற்கு என்று விருந்தாளிகள் கேட்டால், மனிதர்களைப் புரிந்துகொள்ள என்பேன். கொஞ்ச நாளாக, கரையான் வராமல் இருக்க அடிக்கடி எடுத்துத் துடைக்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது அந்தப் புதன்கிழமை. போரூரில் ஒரு ஓட்டல் திறப்பு. வாசலில் நாலு பக்கமும் பார்க்கிற தொட்டி, என் மலையோடு. சாயங்காலம் திறப்பு விழா, மத்தியானம் ஒரு மூலையில் தண்ணீர் கசிகிறது. ஓட்டல் மேனேஜர் என் தலைமாட்டிலேயே நின்றுகொண்டு, முதலாளி வந்துகொண்டிருக்கிறார் என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் அறிவித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் ஈரம். தோளுக்கும் காதுக்கும் நடுவே கைப்பேசி. ஏகாம்பரம்.

“சார், மீனுங்க காலைல தீனிக்கு பாய்துங்க. ரெண்டு நாளா. ராத்திரி சாப்புட்ட மாதிரியே தெரில.”

“ஒண்ணும் ஆவாதுண்ணா. மீனு பத்து நாள் பட்டினி கெடந்தாகூடச் சாவாது.”

அவர் பக்கம் ஏதோ லாரி பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது.

“மீனுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?” என்று கேட்டார். அழுத்தம் ‘மீனுக்கு’ என்பதில் விழுந்தது. இப்போது காதில் அப்படித்தான் கேட்கிறது. அன்றைக்கு எனக்குக் கசிவுதான் கேட்டது.

“ஒண்ணுமே ஆவாதுண்ணா. சனிக்கெழம வந்து பாக்கறேன்.”

யோசித்துப் பாருங்கள். மாலைத் தீனி தம்பியுடையது என்று வகுத்துக் கொடுத்தவன் நான். ஒருநாள்கூட அவர் தவறியதில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு நாளாக மாலைத் தீனி விழவில்லை என்றால் அந்தப் பக்கம் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும் என்பது மேம்பாலத்துக் கடையில் பெட்டி துடைக்கிறவனுக்குக்கூடத் தோன்றும். எனக்கு மீனின் பட்டினித் தாங்குதிறன் ஞாபகம் வந்தது. சரியான தகவல்தான். நான் சொன்ன சரியான தகவல்களிலேயே ஆகக் கேவலமானது.

சனிக்கிழமை போனேன். மேலே கதவைத் திறந்து கையை விட்டு எட்டிப் பார்த்தால், மலைக்கு அந்தப் பக்கக் கண்ணாடியில் பச்சையாகப் படலம். தினமும் துடைக்கிற கண்ணாடி. மேக்னட் கிளீனர் கீழ் மூலையில் அசையாமல் ஒட்டியிருந்தது.

“அண்ணா, அவங்க ஊர்ல இல்லியா? அஞ்சாறு நாளா தொடைக்கல போலருக்கே.”

ஏகாம்பரம் வாசலுக்குப் போய்விட்டார். செருப்பை மாட்டவில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு அவர் அப்படி வேகமாக நடந்ததை நான் பார்த்ததில்லை. நான் ஈரக் கையோடு பின்னால் போனேன். பின்வாசல் பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்து, திங்கட்கிழமை காலையிலேயே தயாளனை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்களே என்றார். உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பக்கவாதம். வேலைக்குப் போக ஷூ மாட்டும்போது சேரிலிருந்து சரிந்திருக்கிறார். மஞ்சுளா அப்போது சமையலறையில். விழுந்த நேரம் ஆறு மணி. ஆறு மணி என்பது ஏகாம்பரம் காலைத் தீனி போடுகிற நேரம். தொட்டிக்கு முன்னால்தான் நின்றிருந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவே ஒன்றரை அடித் தண்ணீரும் என் மலையும்.

ஏகாம்பரத்தை ஆஸ்பத்திரிக்கு நான்தான் வண்டியில் அழைத்துப் போனேன். வராந்தாவில் மஞ்சுளா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொள்ளவில்லை.

“வியாழக்கெழம வரிக்கும் பேச்சு இருந்துச்சி மாமா. கொழறிக் கொழறி. அண்ணன இட்டாரச் சொல்லுன்னாரு. நாந்தான்... வீம்புல இருந்துட்டேன். நேத்துலேர்ந்து வாயே வர்ல.”

ஏகாம்பரம் அவர் தோளை ஒருதரம் தொட்டுவிட்டு உள்ளே போனார். நான் வராந்தாவில் நின்று விரல்விட்டு எண்ணினேன். புதன் மத்தியானம் எனக்குப் போன் வந்தது. வியாழன் இருந்தது. முழுசாக ஒரு நாள் இருந்தது. போரூர் ஓட்டலின் கசிவு அன்றைக்கு அரை மணி நேரத்தில் நின்றுவிட்டது. முதலாளி வந்து தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வலது கையும் பேச்சும் வராமலே தயாளனை அனுப்பினார்கள். மஞ்சுளா அவரை அரக்கோணம் பக்கம் தன் பிறந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். தூக்கிப் பிடிக்க அங்கே நாலு கை இருக்கிறது, இங்கே தனியாக என்னால் முடியாது மாமா என்று ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டுத்தான் போனார். பின்பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஏகாம்பரம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆவடியில் ரயில் ஏறிப் போய்வருகிறார். அங்கே என்ன செய்வீர்கள் என்று ஒருதரம் கேட்டேன்.

“இன்னா செய்றது. அவன் பாக்கறான், நான் பாக்கறேன். அவ்ளோதான் சார்.”

அன்றைக்குத்தான் அவராகச் சொன்னார். நான் தொட்டிக்குள் கையை விட்டிருந்ததால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கும் அது வசதியாக இருந்திருக்கும்.

“நான் பேசணும்னு எல்லாம் நெனைக்கல சார். அவனுக்கும் ரோஷம், எனக்கும் ரோஷம். ஆவடி ரோட்டுல லாரிங்க எப்டி வர்துன்னு எனக்குத் தெரியும், என் லாரியே அப்டித்தான் வரும். அதுல வண்டில வந்துகினு கீறான். வந்து அந்தச் சேர்ல குந்தி ஷூவ கழட்டுவான். அத்த ஒரு கண்ணு பாத்துட்டா போதும். செங்கல் வெச்சா தெரியாதேன்னுதான் கண்ணாடி வெச்சேன்.”

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். மணல் விலை சொல்வது போலச் சொன்னார்.

மலையை எடுத்துவிடுகிறேன் அண்ணா என்றேன். இன்றைக்கே, மொத்தத்தையும், வெறும் தண்ணீராக விட்டுவிடுகிறேன் என்றேன்.

“வேணாம் சார். நல்லா வளந்துகீது. இப்ப யாரப் பாக்கறது?”

நல்லாத்தான் வளர்ந்திருந்தது. நான் வைத்த தொட்டிகளிலேயே வருஷக்கணக்காகக் குறையில்லாமல் நிற்பது அது ஒன்றுதான். உங்களில் யாராவது பார்க்க விரும்பினால் அழைத்துப் போகிறேன். நுணுக்கத்தில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது. கடையில் மாட்டியிருந்த படத்தை மட்டும் கழற்றிவிட்டேன்.

வேலையை விட்டபோது எல்லா வாடிக்கையாளர்களையும் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன், காட்டுப்பாக்கம் தவிர. அதற்கு நானே போகிறேன், பழையபடி பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை. ஏகாம்பரம் இப்போது இரண்டு வேளையும் தீனி போடுகிறார். காலையில் தன் பக்கம். மாலையில் ஸ்டூல் போட்டு ஏறி, மலைக்கு மேலே கையை நீட்டி, அந்தப் பக்கம்.

போன வருஷம் ஒருநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது கத்தரிக்கோலை எடுத்தேன். முன்பு அவர் வெட்டியிருந்த அதே இடத்தில், அதே அளவில், சதுரமாக வெட்டினேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நின்றார். குனிந்தார். அந்தப் பக்கம் பூட்டிய ஹாலில் தொட்டியின் விளக்கு வெளிச்சம் கொஞ்சம் விழுந்திருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

“சேரு அங்கியேதான் கீது” என்றார்.

கொஞ்சம் கழித்து, “ஷூ ஒண்ணு கீழ கீது சார்” என்றார்.

மலைக்கு மேலே இருப்பது நானே தேடி நட்ட செடி, சீக்கிரம் அடைக்கும் என்று. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. பதினைந்து நாளில் அந்தச் சதுரம் இருந்த இடமே தெரியாது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், மறுபடி வெட்டிவிட்டு வருகிறேன்.